அகலக்கால் வைத்த ஜீப்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரம் நின்றால் ஒரு சாமி புறப்பாட்டைத் தரிசிக்கலாம். முதலில் சத்தம் வரும். அடுத்து, நடுப்பகலிலும் அணையாத எல்இடி விளக்குப் பட்டை. பிறகு உற்சவமூர்த்தி: கரடுமுரடாகப் பல் வெட்டிய நான்கு டயர்கள், வண்டியின் உடம்புக்கு வெளியே ஒரு சாண் துருத்திக்கொண்டு. அந்த நான்குக்கும் நடுவே ஏதோ ஒரு பழைய ஜீப் சிக்கிக்கொண்டிருக்கும். ஓணானுக்கு எருமைக்கால் ஒட்டிய அந்தக் கோலத்தைப் பார்த்து நீங்கள் வாய் பிளக்கும்போது ஓனர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அருள்வாக்கு சொல்வார்: “ஒரிஜினல் வில்லிஸ், பிரதர். வேர்ல்ட் வார் வண்டி.”

பானட்டில் வெள்ளை நட்சத்திரம். பக்கத்தில் அமெரிக்க ராணுவ எண். நார்மண்டிக் கடற்கரையில் இறங்கி, குண்டு மழையில் நனைந்து, நேராகப் பொள்ளாச்சிக்கு வந்துவிட்டதாம். பானட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உயரமாக இருக்கிறதா? அது சிஜே 3பி. அந்த மாடலே 1953-இல்தான் வெளிவந்தது, ஹிட்லர் செத்து எட்டு வருஷம் கழித்து. உரிமம் வாங்கி இங்கே அதைச் செய்தது மஹிந்திரா. ஐயா பூஜிக்கும் போர்வீரன் பெரும்பாலும் நம்மூர் பிடிஓ ஜீப். விதை நெல் மூட்டையும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சுவரொட்டியும் ஏற்றிக்கொண்டு, பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கும் வண்டிப்பாதைக்கும் அலைந்து தேய்ந்தது. அந்த உழைப்பை மறைக்கத்தான் வெள்ளை நட்சத்திரம். இந்த நாட்டில் ஒரு ஜீப்புக்குக்கூட வெள்ளைக்காரப் பூர்வீகம் தேவைப்படுகிறது.

இனி அறுவை சிகிச்சைக்கு வருவோம்.

கம்பெனி கொடுத்த டயர் 6.00-16. ஆறங்குல அகலம், பதினாறங்குல ரிம். யுத்தத்தில் ஓடிய ஜீப்புக்கும் அதே அளவுதான். அது கஞ்சத்தனத்தில் வைத்த அளவென்று ஐயா நினைக்கிறார். ஒல்லி டயர் மேல் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். அந்தச் சின்ன எஞ்சினால் சுற்ற முடிகிற எடை. பவர் ஸ்டேரிங் இல்லாத வண்டியில் மனிதக் கையால் திருப்ப முடிகிற அகலம். கணக்குப் போட்டுத்தான் வைத்தார்கள். அகல டயருக்கும் இடம் உண்டு. பாலைவன மணலில் காற்றைக் குறைத்து ஓட்டினால் புதையாமல் மிதக்கும். அவிநாசி ரோட்டில் எந்தப் பாலைவனம் இருக்கிறது என்பதை ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஐயாவுக்கு 33 அங்குல உயரமும் பன்னிரண்டரை அங்குல அகலமும் கொண்ட டயர் வேண்டும். மாட்டியாயிற்று. ஸ்டேரிங்கை ஒடித்தால் டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறது. “ஏனுங்க சார், கடிக்குதுங்க” என்கிறார் மெக்கானிக். சரி, ரிம்மை வெளியே தள்ளு. தள்ளினால் மட்காடு இடிக்கிறது. மட்காட்டை அறு. அறுத்த பிறகும் பள்ளத்தில் இறங்கினால் தட்டுகிறது. நீள ஷேக்கிள் போட்டு வண்டியைத் தூக்கு. தூக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி நடுங்குகிறது. அதற்கும் ஒரு வைத்தியம். ஒரு டயரைக் காப்பாற்ற ஒரு வண்டியையே வெட்டிய கதை இது. கேட்டால் ‘ரெஸ்டோரேஷன்’ என்பார்கள்.

வெட்டாத இடத்தில் நடப்பது இன்னும் மோசம். ரிம் வெளியே தள்ளிப் போனதால் சக்கரத்தின் பாரம் கிங்பின்னை விட்டு விலகி நின்று நெம்புகிறது. ஒரு சின்னக் குழி போதும், ஸ்டேரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஹப் பேரிங்கும் கிங்பின் பேரிங்கும் சீக்கிரமே முனகத் தொடங்கும். பழைய டயரின் உயரம் இருபத்தெட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், இப்போது 33. ஸ்பீடோமீட்டர் உயிரோடு இருந்து 60 காட்டினால், வண்டி 69-ஐ ஒட்டிப் பறந்துகொண்டிருக்கும். பிரேக்? அதே 9 அங்குல டிரம். டயர் உயர உயர பிரேக்கின் பிடி தரையில் குறைகிறது, சுழலும் எடையோ கூடுகிறது. ஆக, வேகம் கூடியது ஓட்டுபவருக்கே தெரியாது. நிற்காது என்பது எதிரே வருபவருக்கு மட்டும் தெரிய வரும். துருத்திய டயருக்கு மட்காடும் இல்லை. பின்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் பால் கேனோடு வருபவரின் முகத்தில் சேறும் சரளைக்கல்லும் நேராக வந்து விழும். அவருக்கும் கொஞ்சம் ஆஃப்-ரோடு அனுபவம் கிடைக்கட்டுமே என்ற தாராள மனசு.

சட்டம் என்ன செய்கிறது? அதற்கென்ன, நன்றாக இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவத்திலேயே காப்பாற்றியிருக்க வேண்டும். 20,000 ரூபாய் கட்டினால் ‘விஏ’ எழுத்துடன் எண் கிடைக்கும். ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. ஐயாவின் வண்டியில் எஞ்சின் டீசலாக மாறிவிட்டது, பாடி அறுபட்டுவிட்டது. பழசாக மிஞ்சியிருப்பது ஆர்சி புத்தகம் மட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றாதே என்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. முன்னால் இரும்புத் தடுப்பு மாட்டக்கூடாதென்று 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. எல்லாம் இருக்கிறது. எஃப்சி அன்று மட்டும் ஆறங்குல டயர் பரணிலிருந்து இறங்கும். மறுநாள் மறுபடி ஏறிவிடும். கட்சிக்கொடி பறக்கும் வண்டியாக இருந்தால் அந்தச் சிரமம்கூட வேண்டியதில்லை, ஒரு சல்யூட்டோடு முடிந்துவிடும்.

பிழைப்புக்கே ஜீப் ஓட்டுபவர்களைப் பார்க்கத் தேனி மாவட்டத்துக்கு வாருங்கள். விடியும் முன்பே போடியிலும் கம்பத்திலும் தேவாரத்திலும் ஜீப்புகள் நிரம்பும். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு இடுக்கி மலைக்குப் போகும் பெண்கள், மடியில் தூக்குவாளி. உட்கார இடமில்லாதவர்கள் தொற்றிக்கொண்டு வருவார்கள். போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் அந்தப் பழைய வண்டிகள் சாதாரண டயரோடு தினமும் ஏறி இறங்குகின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு, பாறையே பாதையாகக் கிடக்கும் தடத்தில் ஏறும் ஜீப்புகளும் அப்படித்தான். அவர்களில் எவரும் பன்னிரண்டரை அங்குலம் கேட்டதில்லை. அந்தப் பெண்களுக்கு ஒழுங்கான பஸ் விடாத அரசு, ஆள் அதிகம் என்று சொல்லி டிரைவரிடம் மட்டும் அபராதம் வாங்கும். ஜீப் உருண்டால் செய்தித்தாளில் நாலு வரி. ஐயாவின் ஐந்து டயரும் ரிம்மும் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டும். தோட்ட வேலைக்குப் போகும் பெண் அத்தனை கூலியைப் பார்க்க எத்தனை மாதம் குனிய வேண்டுமென்று எந்த ஜீப் கிளப்பும் கணக்குப் போடாது.

கேரளத்து 2018 வெள்ளத்தில் இந்த மாதிரி வண்டிகள்தானே மக்களைக் காப்பாற்றின என்று கேட்பார்கள். ஆமாம், சில போயின. அவற்றை ஓட்டிப் போனவர்களுக்கு என் கும்பிடு. அதற்காக வெள்ளமே வராத ஐம்பத்திரண்டு ஞாயிறும் புல்வெளியை உழுவதற்கு உரிமம் கிடைத்துவிடாது. நீலகிரியின் மலைப் புல்வெளியில் ஒரு அகல டயர் கிழித்த தடம் அடுத்த மழையில் ஓடையாகும், அதற்கடுத்த மழையில் மண்ணை அரித்துக்கொண்டு போகும். அதை வீடியோ எடுத்துப் பின்னணியில் பாட்டு போட்டு, ‘இயற்கையோடு ஒரு நாள்’ என்று தலைப்பு வைக்கிறார்களே, அந்த வாயில் அந்தச் சேற்றையே அள்ளிப் போட வேண்டும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த டயர் சேற்றுக்காக வாங்கப்பட்டதல்ல. தார் ரோட்டுக்காக வாங்கப்பட்டது. ஒதுங்கு, நான் வருகிறேன் என்று நம்மிடம் சொல்வதற்காக வாங்கப்பட்டது. ஒதுங்கிக்கொண்டே இருந்தது போதும்.

வட்டாரப் போக்குவரத்து ஆய்வாளர் ஐயா, ஆய்வுக்கூடமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஞாயிறு காலை மலையடிவார டீக்கடைக்கு ஒரு இஞ்ச் டேப்போடு வாருங்கள். எல்லோரும் வரிசையாக நிறுத்திவைத்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். டயரை அளவெடுங்கள், மட்காடு எங்கே என்று கேளுங்கள், ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போடி ஜீப்புக்காரரிடம் வாங்கத் தெரிந்த கை இவர்களிடமும் ஒருமுறை நீளட்டும்.