உலக்கை நிற்றல்: கிரகண காலச் செங்குத்து நிலை குறித்து ஓர் ஆய்வு

தமிழர் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களில் உலக்கைக்கு இருக்கும் இலக்கியப் பெருமை மிக்ஸிக்குக் கிடையாது. உலக்கை போடும்போது பாடுவதற்கென்றே வள்ளைப்பாட்டு என்று தனி வகை உண்டு. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பலராமனுக்குக் கலப்பையோடு உலக்கையும் ஆயுதம். யாதவ குலம் அடியோடு அழிந்த கதையைச் சொல்லும் பாரதப் பகுதிக்கு மௌசல பருவம், அதாவது உலக்கைப் பருவம் என்றே பெயர். இத்தனை பெருமை வாய்ந்த கருவி, ரைஸ்மில் வந்த பிறகு கதவிடுக்கில் ஒதுங்கி, மஞ்சள் நீராட்டுக்கு மட்டும் அக்கம்பக்கத்தில் இரவல் கேட்கப்படும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் சூரிய கிரகணத்தன்று அதற்கு மறுவாழ்வு. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையைச் செங்குத்தாக வைத்துக் கையை எடுக்கிறார்கள். நிற்கிறது. கிரகணம் பிடித்திருக்கும்வரை நிற்கும், விட்டதும் தானாகச் சாயும் என்பது கொள்கை. இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள் முக்கியமான ஒன்றைப் பார்க்கத் தவறுகிறார்கள்: உலக்கை உண்மையிலேயே நிற்கிறது. ஆகவே ஆராய வேண்டியது கிரகணத்தன்று அது ஏன் நிற்கிறது என்பதை அல்ல, மற்ற நாளில் அதை ஏன் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை என்பதைத்தான்.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன. கடலையே பொங்க வைக்கிற ஈர்ப்பு, கேவலம் ஓர் உலக்கையைத் தூக்கிப் பிடிக்காதா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் கரைந்துவிடுகிறது. கடலில் ஓதம் எழுப்பும் அந்த விசை, சூரியனுடையதையும் நிலவுடையதையும் சேர்த்தாலும், ஒரு பொருளின் எடையில் கோடியில் இரண்டு பங்கைக்கூட எட்டுவதில்லை. 3 கிலோ உலக்கைக்கு அது ஏறத்தாழ அரை மில்லிகிராம். உலக்கையின் தலையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தால் அதைவிடக் கனம். போகட்டும், அந்த அரை மில்லிகிராமுக்கே சக்தி உண்டென்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வோர் அமாவாசைக்கும் உலக்கை நிற்க வேண்டும். நிலவின் பாதை சூரியனின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான அமாவாசைகளில் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிப் போகிறது, கிரகணம் நிகழ்வதில்லை. ஆனால் ஈர்ப்பு இந்த 5 டிகிரியைப் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்கிற ஒவ்வோர் அமாவாசையிலும் ஏறத்தாழ அதே இழுப்புதான். அன்றெல்லாம் உலக்கை கதவிடுக்கிலேயே சாய்ந்து கிடக்கிறது.

இன்னொரு சிக்கல், திசை. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளையக் கிரகணம் சென்றது. காலை ஒன்பதரை மணிக்கு வளையம் தெரிந்தபோது சூரியனும் நிலவும் தென்கிழக்கில், உச்சிக்குப் பாதி உயரம்கூட ஏறாமல் இருந்தன. அவை இழுத்ததால்தான் உலக்கை நின்றது என்றால், அது நிமிர்ந்து நின்றிருக்கக் கூடாது. அக்கினி மூலையைப் பார்த்து, அதாவது வாஸ்துப்படி சமையலறை இருக்க வேண்டிய பக்கமாகத் தலை வணங்கியிருக்க வேண்டும். தன் பழைய பணியிடத்துக்கு உலக்கை செலுத்தும் மரியாதை என்று அதற்கும் ஒரு விளக்கம் வரக்கூடும் என்பதால் இதை இதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

சரி, எப்படித்தான் நிற்கிறது? உலக்கையின் அடியில் இரும்புப் பூண் இருக்கிறது. பல வருடம் குத்திக் குத்தி அதன் முகம் தட்டையாகிவிடும். 4 அடி உயரம், பூணின் குறுக்களவு 2 அங்குலம் என்று கொள்வோம். உலக்கையின் எடைமையம் 2 அடி உயரத்தில் இருந்தால், அது எந்தப் பக்கமும் இரண்டு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகச் சாயும் வரைக்கும் விழாது. இரண்டு டிகிரி என்பது கஞ்சத்தனமான சலுகைதான். ஆனால் மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி, பிள்ளைகளை ஓட விடாமல் உட்கார வைத்துவிட்டால் அது தாராளம். கிரகணத்தன்று இவை எல்லாமே நடக்கின்றன. தாம்பாளத்துத் தண்ணீருக்கும் ஒரு வேலை உண்டு. அதைச் சடங்கு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் ஒதுங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைப் பாட்டி தாம்பாளத்தை வைத்துப் பார்க்கிறார். இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவர் யாராயினும், உலக்கையை நிறுத்துவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, புகழை மட்டும் ராகுவுக்குக் கொடுத்துவிட்டார்.

தமிழர் மட்டும்தான் இப்படி என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வசந்தம் பிறக்கும் நாளில் கோழிமுட்டை செங்குத்தாக நிற்கும் என்பது சீனர்களின் பழைய நம்பிக்கை. 1947 பிப்ரவரியில் இந்தச் செய்தி ஜப்பானியப் பத்திரிகைகளில் பரபரப்பானது. ஆய்வகத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகம் உருவாக்கிய நக்காயா உக்கிச்சிரோ என்ற இயற்பியலாளர், அந்த நாள் போன பிறகு பொறுமையாக உட்கார்ந்து முட்டைகளை நிறுத்திக் காட்டிக் கட்டுரையும் எழுதினார். முட்டை ஓட்டின் சொரசொரப்பில் இருக்கும் நுண்ணிய மேடுகள் முக்காலிபோலத் தாங்கிக்கொள்கின்றன. எந்த நாளும் நிற்கும். முட்டை நிற்காது என்று எல்லோருக்கும் 'தெரிந்திருந்ததால்' யாரும் முயன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். தைவானில் இந்தப் பெருமை ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாளான படகுத் திருவிழாவின் நண்பகலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊருக்கு ஊர் நாளும் பொருளும் மாறுகின்றன. மாறாதது, வருடத்தில் ஒரு நாளாவது கை நடுங்காமல் ஒரு காரியம் செய்துபார்க்கச் சாக்குத் தேடும் மனிதர்கள்.

'மற்ற நாளில் வைத்துப் பார்த்தோம், நிற்கவில்லையே' என்போர் உண்டு. எத்தனை நிமிடம் வைத்துப் பார்த்தார்கள் என்பதே கேள்வி. கிரகணத்தன்று அடுப்பு மூட்டக் கூடாது, சாப்பிடக் கூடாது, வெளியே போகக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு முழுக் குடும்பமும் சும்மா இருக்கிறது. பத்துத் தடவை விழுந்தாலும் பதினோராம் தடவை வைக்கிறார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமையில் இரண்டாம் தடவை விழுந்ததுமே பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. விட்ட நேரத்தில் மிகச் சரியாக விழுகிறதே என்பது அடுத்த தடை. கிரகணம் விட்டதும் வீட்டில் என்ன நடக்கிறது? எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து குளிக்க ஓடுகிறார்கள், தரை அதிர்கிறது, கதவு திறக்கிறது, காற்று வருகிறது. அப்போதும் விழாத உலக்கையை ஒருவர் எடுத்து ஓரமாக வைக்கிறார். அது கணக்கில் வருவதில்லை.

மேகம் மூடிய நாளில் கிரகணம் விட்டதைத் தெரிந்துகொள்ள முன்னோர் வைத்த கடிகாரம் இது என்பது கடைசித் தடை. முன்னோரின் அறிவுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. 1825இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' என்ற நூலில் ஜான் வாரன், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். பிடிக்கும் நேரமும் விடும் நேரமும் சோழியிலேயே கிடைத்துவிட்ட ஊரில், அந்தச் செய்தியை உலக்கையிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள்.

எனவே இவ்வாய்வின் முடிபு: கிரகணம் பிடித்து நிறுத்துவது உலக்கையை அல்ல, வீட்டிலுள்ளவர்களை. ஐயம் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு 2027 ஆகஸ்ட் 2இல் வருகிறது. அன்று ஆடி அமாவாசை. மாலையில் தமிழ்நாட்டிலும் பகுதிச் சூரிய கிரகணம் தெரியும். அதற்கு முன்பு ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் உலக்கையோடு உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள். டைல்ஸ் தரையாக இருந்தால் சுற்றிலும் பழைய சாக்கை விரித்துவிடுங்கள். விழும்போது கிரகணமில்லாத உலக்கையும் அதே கனம்தான்.