பெரிய எக்ஸ் பாடபேதம்: வைக்காத கடவுச்சொல்லைக் கண்டறிதல்

விம் எடிட்டரில் எழுதியதைச் சேமித்து வெளியேற முக்காற்புள்ளியும் சின்ன எக்ஸும் போதும். இதற்குப் பெரிய எக்ஸ் என்றொரு பாடபேதம் உண்டு. பொருளோ முற்றிலும் வேறு. அது கோப்பைப் பூட்டும் கட்டளை. சேமிக்கப் போய்த் தவறிப் பெரிய எக்ஸ் இட்டவரிடம் விம் கடவுச்சொல் கேட்கிறது. விளங்காமல் எரிச்சலில் எதையோ தட்டி என்டர் அடிக்கிறார். மறுபடி கேட்கிறது, மறுபடி அதையே தட்டுகிறார். இரண்டும் ஒத்துப்போனால் தீர்ந்தது, அடுத்த முறை சேமிக்கையில் கோப்பு பூட்டிக்கொள்ளும். திரையில் வெறும் நட்சத்திரங்கள் விழுவதால், தட்டியது என்ன என்பதற்குக் கண்கண்ட சாட்சி இல்லை. அச்சொல்லை மீட்பதே இவ்வாய்வின் நோக்கம்.

பிழை எங்கே பிறந்தது என்பதில் இரு கட்சிகள். கேப்ஸ் லாக்கே காரணம் என்பார் ஒரு சாரார். முக்காற்புள்ளிக்கு ஷிப்டை அழுத்தியாக வேண்டும், சுண்டுவிரல் எழத் தாமதித்தால் அடுத்த எழுத்தும் பெரிதாகும் என்பார் மற்றவர். பின்னதே நம் கொள்கை. சேமிக்கும் சின்ன டபிள்யூ இப்படிப் பெரிதாகி, 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று விம்மிடம் திட்டு வாங்காதவர் உண்டா? எக்ஸுக்கு அந்தத் திட்டு கிடைப்பதில்லை என்பதுதான் வினை. இது வெட்டி வழக்கன்று. கேப்ஸ் லாக் என்றால் கடவுச்சொல் முழுதும் பெரிய எழுத்து. சுண்டுவிரல் என்றால் சின்ன எழுத்து. வெளியேறத் துடித்தவர் தட்டியிருக்கக்கூடியது 'டபிள்யூ கியூ'தான். முக்காற்புள்ளியோடும் இல்லாமலும் அதையே முதலில் போட்டுப் பார்க்க. வெறும் என்டர் அடித்தவர் பாக்கியசாலி. வெற்றுச் சொல்லுக்குப் பூட்டு விழாது.

அடுத்து காலக்கணிப்பு. கல்வெட்டறிஞர் எழுத்தமைதி பார்ப்பதுபோல, நாம் பூட்டிய கோப்பின் முதல் 12 குறிகளைப் பார்க்கலாம்: 'விம்கிரிப்ட்', அலைக்குறி, ஓர் எண், ஆச்சரியக்குறி. எண் 01 என்றால் பழைய ஜிப் முறை, உடைக்கத்தக்கது. 02 என்றால் 2010இல் விம் 7.3 கொணர்ந்த புளோஃபிஷ். செய்த விதத்தில் ஓட்டை. 03 அதன் திருத்திய பதிப்பு. 04 என்றால் 2021இன் எக்ஸ்சாச்சா20; லிப்சோடியம் என்னும் நிரலகம் சேராத விம்மில் திறவாது. விம்மின் கிளையான நியோவிம் இந்தப் பூட்டு வசதியையே நீக்கிவிட்டதால் அங்கே முயல்வது வீண்.

முதல் மூன்றும் தவறான சொல்லைத் தவறென்று சொல்வதில்லை. ஊகித்துப் பார்ப்பவனுக்குத் துப்புக் கிடைக்கக்கூடாதாம். கோப்பு அமைதியாகத் திறக்கும், உள்ளே குப்பை. கோப்பு கெட்டதென்று நினைத்து, கைப்பழக்கத்தில் சேமித்தால், பிறகு சரியான சொல் நினைவுக்கு வந்தாலும் மூலபாடம் மீளும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே முதலில் நகல் எடுக்க. குப்பையைக் கண்டால் கியூவும் ஆச்சரியக்குறியும் இட்டு, சேமிக்காமல் வெளியேறுக. 04 என்றாலோ 'திறக்க முடியவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

வருமுன் காக்க விரும்புவோர், பெரிய எக்ஸைச் சின்னதாக்கும் சுருக்கம் ஒன்றை விம் அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கலாம். தேடும்போது தனித்து நிற்கும் பெரிய எக்ஸும் சின்னதாகிவிடும் என்பது இதன் சிறு தீங்கு. மெய்யாகவே பூட்ட வேண்டுவோர், டெர்மினலில் விம்மை அழைக்கும்போதே கழித்தல் குறியும் எக்ஸும் சேர்க்க. அங்கே பூட்டுவது சின்ன எக்ஸ் என்பதைக் கண்டு குழம்ப வேண்டா.