முன்கை மச்சம்: அங்க அடையாள ஆங்கிலம் குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழ்நாட்டில் எழுதப்பட்ட ஆங்கிலத்தை ஆராயும் அறிஞர்கள் நாவலைப் பார்க்கிறார்கள், நாளிதழைப் பார்க்கிறார்கள், நீதிமன்றத் தீர்ப்பைக்கூடப் பார்க்கிறார்கள். எல்லார் வீட்டு பீரோவிலும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகக் கிடக்கும் ஓர் இலக்கிய வகையை மட்டும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழில், அதாவது டி.சி.யில், அங்க அடையாளங்கள் என்ற இனத்துக்கு நேரே வரும் இரண்டு வரிகளைச் சொல்கிறேன். ‘எ பிளாக் மோல் ஆன் த ரைட் ஃபோர்ஆர்ம்.’ ‘எ ஸ்கார் ஆன் த லெஃப்ட் நீ.’ எழுவாய் உண்டு, பயனிலை கிடையாது. ஆசிரியர் பெயர் கிடையாது, எச்.எம். முத்திரை உண்டு. வேறெந்த ஆங்கில வாக்கியத்துக்கும் பொருளாக இருந்திராத எத்தனையோ தமிழ் உடம்புகள் இந்த வரிகள் வழியாகத்தான் அந்த மொழிக்குள் நுழைந்திருக்கின்றன. ஆகவே இவ்வாய்வு காலத்தின் கட்டாயம் என்று முன்னுரையில் எழுதுவது மரபு, எழுதியாயிற்று.

முதலில் சொற்களஞ்சியம். பெயர்ச்சொல் இரண்டு: மச்சம், தழும்பு. பெயரடை மூன்று: கறுப்பு, இடது, வலது. அபூர்வமாகச் சில பள்ளிகளில் சிவப்பு மச்சம் தென்படுகிறது. அதை எழுதிய கிளார்க்கைக் கலகக்காரர் என்றே கருத வேண்டும். உருபுகளாக ஆன், நியர், அபவ், பிலோ ஆகிய நான்கும் பயில்கின்றன. இவற்றில் ‘நியர்’ என்பது மச்சத்தின் இடம் பற்றி ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒருமித்த கருத்து ஏற்படாதபோது வருவது. ஒரு கவிஞனுக்கு இவ்வளவுதான் சொற்கள் என்று கொடுத்துவிட்டு ஊரில் உள்ள அத்தனை பேரையும் வர்ணிக்கச் சொன்னால் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவான். பள்ளி கிளார்க் வைக்கவில்லை. அவருக்கு மாலை ஐந்து மணிக்குள் மூன்று செக்‌ஷன் முடிக்க வேண்டியிருந்தது.

இனி இத்தரவுகள் சேகரமாகும் முறை. பத்தாம் வகுப்புக்கு நாமினல் ரோல் தயாராகும் நாட்களில் கிளாஸ் டீச்சர் மேசைமுன் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். அங்கே நடைபெறும் உரையாடலை ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் ஒரே வடிவில் கேட்கலாம்.

“மச்சம் எங்கடா இருக்கு?”

“இல்ல சார்.”

“இல்லாம எப்படிடா இருக்கும்? நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன் சார். முதுகுல ஒண்ணு இருக்குன்னு அம்மா சொல்லும் சார்.”

“முதுகெல்லாம் வேணாம். கையில போட்டுக்கறேன். அடுத்து யாரு?”

இந்த நான்கு மறுமொழிகளில் ஒரு துறைக்கே அடிப்படையான கோட்பாடு அடங்கியிருக்கிறது. மச்சம் இரு வகைப்படும்: பிறவி மச்சம், பதிவு மச்சம். முன்னது தோலில் உண்டாவது. பின்னது மேசையில் உண்டாவது. பின்னது எப்போதும் முன்கையில்தான் அமையும். சான்றிதழ்களை மட்டும் வைத்துத் தமிழர் உடலமைப்பைப் புனர்நிர்மாணம் செய்ய ஒரு வேற்றுநாட்டு அறிஞர் முனைந்தால், இரண்டு முன்கை, இரண்டு கன்னம், ஒரு கழுத்து, கொஞ்சம் முழங்கால் ஆகியவற்றால் ஆன ஓர் இனம் என்றே முடிவுகட்டுவார். பெண்கள் பள்ளிகளில் முழங்காலும் உதிர்ந்துவிடுகிறது. சபையில் காட்டக்கூடிய இடத்தில்தான் மச்சம் இருக்கவேண்டும் என்பது எழுதப்படாத விதி. அதற்கு இயற்கையைவிட டீச்சர்தான் அதிகம் ஒத்துழைத்திருக்கிறார்.

இதோடு ஒரு முறையியல் பிழையும் சேர்கிறது. இதற்கு ‘எதிரமர் பிழை’ என்று பெயர் சூட்டுகிறேன். மாணவன் கையை நீட்டி நிற்கிறான். ஆசிரியர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவன் வலது அவருக்கு இடப்பக்கம். கவனமான ஆசிரியர் மனத்துக்குள் திருப்பிப் போட்டு எழுதுவார். மிகக் கவனமான ஆசிரியர் இரண்டு முறை திருப்பிப் போட்டுவிடுவார். ஆகவே பதிவில் உள்ள மச்சங்களில் கணிசமானவை இன்றைக்கும் வேறு கையில் வாழ்கின்றன.

நம் முன்னோர் இந்தத் துறையில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்க்காமல் தமிழில் எந்த ஆய்வும் நிறைவு பெறாது. மனிதரைத் தலையில் தொடங்கிப் பாதம்வரை பாடுவது கேசாதிபாதம். தெய்வத்தைப் பாதத்தில் தொடங்கித் தலைவரை பாடுவது பாதாதிகேசம். ஓர் உறுப்பும் விடுபடாது. இந்த முறையை ஆள்தேடும் பணிக்குப் பயன்படுத்திய நிகழ்ச்சி கம்பராமாயணத்தில் இருக்கிறது. கிட்கிந்தா காண்டத்து நாடவிட்ட படலத்தில், சீதையைத் தேடப் புறப்படும் அனுமனைத் தனியே அழைத்து இராமன் அங்க அடையாளம் சொல்கிறான். கால்விரலில் தொடங்கிப் பாட்டுப் பாட்டாக மேலே ஏறுகிறான். உலகத்தில் உள்ள பவளம், தாமரை, மின்னல் எல்லாம் வருகின்றன. இடம் வலம் வரவே இல்லை. விளைவு என்ன? இலங்கையில் மண்டோதரி உறங்குவதைக் கண்ட அனுமன், இவள்தான் சீதையோ என்று ஐயுற்று நெஞ்சு பதறுகிறான். பிறகு வேறு குறிகளைப் பார்த்துத்தான் தெளிகிறான். ‘இடது முன்கையில் ஒரு மச்சம்’ என்று அன்றைக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பதற்றமே வேண்டியிருக்காது. இலக்கியத்துக்கு அது பேரிழப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் நிர்வாகத்தின் பக்கம் நின்று பேசுகிறேன்.

தழும்பின் இடத்தைப் பொறுத்தவரை பழந்தமிழர் கறாரானவர்கள். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகை ஊடுருவிப் புண்ணாக்கியது. அதைப் புறப்புண்ணாகக் கருதி நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான் என்பது புறநானூற்றுச் செய்தி. இரண்டு தழும்பு, இரண்டு வரி. சான்றிதழ்ப் படிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான அரசன் வாய்க்கமாட்டான். ஆனால் எச்.எம். அறையில் ‘எ ஸ்கார் ஆன் த பேக்’ என்று சாவகாசமாக எழுதியிருப்பார்கள். எந்த வரியை முதலில் எழுதுவது என்பதற்காகவே அவன் மறுபடி வடக்குப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

ஐரோப்பியர்கள் இதை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். பாரிஸ் காவல்துறையில் எழுத்தராக இருந்த அல்போன்ஸ் பெர்த்தியோன் 1880களில் குற்றவாளிகளின் உடம்பைப் பதினோரு இடத்தில் அளந்து அட்டை போடும் முறையை ஏற்படுத்தினார். மச்சம், தழும்புகளையும் விடவில்லை. உடம்பில் எந்த இடம் என்பதைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும். ‘முன்கை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிக்கொண்டு போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். மனித உறுப்புகளை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த அதே மனிதர், 1894இல் ராணுவ அதிகாரி டிரைஃபஸ் மீதான வழக்கில் கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லுங்கள் என்றபோது தவறான ஆளைக் காட்டினார். இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டனோ வேறு ரகம். பையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, தெருவில் எதிர்ப்படும் பெண்களை அழகு, சுமார், மோசம் என்று மூன்றாகப் பிரித்து ஊசியால் துளை போட்டு, பிரிட்டனுக்கு ஓர் அழகு வரைபடம் போட முயன்றார். லண்டனுக்கு முதலிடம், அபர்டீனுக்குக் கடைசி இடம். இன்றைக்கு நம்மூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பைக்குள் கையை விட்டு இந்த ஆராய்ச்சியைச் செய்தால் மக்களே அவருக்கு ஓர் அங்க அடையாளம் ஏற்படுத்தி அனுப்புவார்கள்.

முதல் உலகப்போர் சமயத்தில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் நெற்றி, மூக்கு, வாய், மோவாய், முகவடிவு எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினார்கள். பாசெட் டிக்பி என்ற பயணி முகம் என்ற இடத்தில் அறிவுக்களை பொருந்தியது என்று தானே எழுதிக் கொடுத்தார். பாஸ்போர்ட் வந்தபோது முகம் நீள்வட்டம் என்றிருந்தது. முன்பின் தெரியாத அதிகாரி தன் முகத்தைப் பற்றி எப்படி இவ்விதம் முடிவெடுக்கலாம் என்று 1915இல் புகார் எழுதினார். இந்த அவமானம் எந்தத் தமிழ் மாணவனுக்கும் நேர்ந்ததில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எச்.எம். ஒருபோதும் உங்கள் மூக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை.

இங்கேதான் இவ்வாய்வின் மையக் கருதுகோள் வருகிறது. ஒரு மனிதரைப் பார்த்ததும் கண்ணில் படுவது எதுவோ, அதை விட்டுவிட்டுப் படாததை மட்டும் எழுதுவதுதான் அங்க அடையாள ஆங்கிலம். தெத்துப்பல் பையன் தெத்துப்பல்லோடுதான் ஊருக்கெல்லாம் அடையாளம். ஒன்றரையாள் பருமன், ஆறடி உயரம், பூனைக்கண், கட்டைக்குரல் என்று தெருவே பட்டப்பெயர் வைத்திருக்கும். சான்றிதழ் இதில் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் வலது முன்கையைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை ஆங்கிலம். அங்கே ஃபேர், வீட்டிஷ், ஸ்லிம், டால் என்று ஒவ்வொரு சொல்லும் ஒருத்தியை உள்ளே விடும், இன்னொருத்தியை வாசலில் நிறுத்தும். காணவில்லை அறிவிப்புகூட மாநிறமா சிவப்பா என்று கேட்கிறது. டி.சி.யில் சாதிக்கும் சமயத்துக்கும் இடம் உண்டு, தோல் நிறத்துக்குத் தனி இடம் இல்லை. இருக்கும் ஒரே கறுப்பு மச்சத்தின் கறுப்பு. எழுதியவர்கள் இதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் உடம்பைப் பற்றி நம்மூரில் எழுதப்பட்டவற்றில் இவ்வளவு மரியாதையான உரைநடை வேறில்லை.

இந்த உரைநடைக்கு ஒரு மூதாதை உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் புறப்பட்டு நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகள், 342 பேர். 1911இல் இந்த ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்படுவதற்குள் இந்தியாவிலிருந்து நேட்டால் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. அவர்களைப் பதிந்த கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் என்று வரிசையாகப் போய் உடல் அடையாளம் என்று ஓர் இடம் வரும். இடது கெண்டைக்காலில் தழும்பு, நெற்றியில் வடு, மார்பில் மச்சம். எழுதிய குமாஸ்தா பெயரைக் கேட்டபடி எழுதினார். ஊர்ப்பெயரைக் கேட்காதபடியும் எழுதினார். இன்று டர்பனில் இருந்துகொண்டு தன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடுகிறவருக்கு எழுத்துக் குழம்பிய ஊர்ப்பெயர் உதவுவதில்லை. முதல் கப்பல்களில் போனவர்களுக்குப் படமும் கிடையாது. அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பதற்கு இருக்கும் ஒரே சான்று அந்தத் தழும்புதான். முகம் இல்லை, கெண்டைக்கால் இருக்கிறது. சிரிக்க வந்த ஆராய்ச்சியாளன் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாகத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

மறுப்புரைக்கு வருவோம். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கியாயிற்று. அசிசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் உழைத்து உருவாக்கிய வகைப்பாட்டு முறை அவர்களின் மேலதிகாரி எட்வர்டு ஹென்றி பெயரில் உலகெல்லாம் போயிற்று. இப்போது ஆதாருக்குப் பத்து விரலும் இரண்டு கருவிழியும் கொடுத்திருக்கிறோம். இன்னும் மச்சம் எதற்கு என்று கேட்கலாம். அரசு ஊழியரின் பணிப்பதிவேட்டை, அதாவது எஸ்.ஆரை, எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். உயரம் உண்டு, அங்க அடையாளம் உண்டு, கீழே விரல் ரேகையும் உண்டு. அந்தப் பக்கத்துப் பதிவுகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி சரிபார்த்துச் சான்றொப்பமிட வேண்டும் என்பது விதி. விரல் ரேகையை மறுபடி எடுக்கத் தேவையில்லை என்று அதே விதி சொல்கிறது. ஒரு கண்காணிப்பாளர் தன் கீழ் உள்ளவரைக் கூப்பிட்டு “சார், முழங்கைக்கு மேல சட்டையை மடிங்க, மச்சத்தைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடணும்” என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. தோல் மருத்துவமோ மச்சத்தின் நிலைபேறு பற்றி அவ்வளவு உறுதி தருவதில்லை. வளர்ந்த ஒருவருக்குப் பத்து முதல் நாற்பது மச்சம்வரை சாதாரணம், இளமையில் புதிதாக வரும், முதுமையில் சில மங்கி மறையும். ஓய்வுபெறும் நாளில் எஸ்.ஆர். சொல்லும் மச்சம் உடம்பில் இல்லையென்றால் பென்ஷன் யாருக்கு என்ற சட்டச் சிக்கலை இத்துறை மாணவர்கள் எடுத்து ஆராயலாம்.

உண்மையாகவே சட்டையை மடித்துப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு: அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. அங்கே இரண்டு அடையாளம் கட்டாயம். பேசமுடியாத நிலையில் கொண்டுவரப்பட்டவருக்கு அந்த இரண்டு வரிகள் பெயரைவிட முக்கியம். பணி மருத்துவர் உடம்பைப் பார்த்தே எழுதுகிறார்.

அதே மருத்துவர் இன்னொரு தாளிலும் கையெழுத்திடுகிறார். அரசுப் பணியில் சேரும்போது கொடுக்க வேண்டிய உடல்தகுதிச் சான்று. அதில் அச்சாகியிருக்கும் ஒரு வரி, மேலே கண்ட மரியாதையெல்லாம் மறந்து நேருக்கு நேராகத் தோற்றத்தைப் பற்றிக் கேட்கிறது: இவர் தம் வாக்குமூலப்படி வயது இவ்வளவு, பார்வைக்குச் சுமார் இவ்வளவு. இரண்டு கோடிட்ட இடங்கள். எதிரே நிற்பவர் தேர்வுக்குத் தேர்வு எழுதி, கோச்சிங் சென்டர் பெஞ்சிலேயே முன்மண்டை முடியைத் தொலைத்தவர். மருத்துவர் கண்ணாடியை ஏற்றி ஒருமுறை பார்க்கிறார். வாக்குமூலப்படி 31 என்று எழுதுகிறார். பார்வைக்கு 31 என்றும் எழுதுகிறார். நடுவில் இருக்கும் ‘சுமார்’ முன்பே அச்சடித்து வந்தது. அதற்கு அவர் பொறுப்பல்ல.