கரை வேட்டி, கடல் விருந்து: ஓர் ஆய்வு முன்னோட்டம்

கப்பல் சுற்றுலாவின் முறைசார் விருந்துகளில் உடுத்த வேண்டியவை குறித்துத் தமிழில் இதுகாறும் விரிவான ஆய்வு எதுவும் நிகழவில்லை. இந்த வாக்கியத்தை எழுத ஒரே தகுதி, தேடிப் பார்க்காமல் இருப்பது. ஆய்வேடுகளின் முதல் பக்கத்தில் இதைப் படித்துப் படித்துக் கண் பூத்தவன் நான். இன்று நானே எழுதும்போதுதான் தெரிகிறது, இதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறதென்று.

ஆய்வுக் களம் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மேற்கே மலை, கிழக்கே கண்மாய். கண்மாயிலும் மழை பெய்தால்தான் தண்ணீர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிப் பக்கம் பஸ் ஏற வேண்டும். இப்படியொரு இடத்தில் உட்கார்ந்து கப்பல் விருந்தை ஆராய்வது தகுமோ எனின், தகும். மறுத்துச் சொல்ல ஆள் கிடையாது.

சிக்கல் தோன்றிய விதம்: சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, சித்தப்பாவுக்கும் சித்திக்கும் நான்கு நாள் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தான். சித்தப்பா ராஜபாளையம், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சித்தி பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். அதை அவர் யாரையும் மறக்கவிட்டதில்லை. டிக்கெட்டோடு வந்த தாளில் இரண்டாம் நாளுக்கு நேரே ‘ஃபார்மல் நைட்’ என்று போட்டிருந்தது.

“அதென்ன ஃபார்மல் நைட்டி? தளவாய்புரத்துல சொன்னா தைச்சுக் குடுத்துட்டுப் போறான்” என்றார் சித்தி (சித்தி, அடுப்படி, தாளிக்கும்போது).

இப்பாடம் பிழை என்று தள்ளுவது எளிது. ஆனால் களத்தின் பொருளாதாரத்தை அறிந்தவர் தள்ளமாட்டார். ராஜபாளையத்தை ஒட்டிய தளவாய்புரமும் சுற்று ஊர்களும் நைட்டி, உள்பாவாடை தைத்தே பேர் வாங்கியவை. அந்தப் பக்கம் சத்திரப்பட்டியில் தறி ஓடினால் வருவது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. ஆக, உறங்கும்போதும் அடிபட்டபோதும் உடுத்த வேண்டியவற்றை இவ்வட்டாரம் தீர்த்துவைத்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் மனிதன் விருந்துக்கும் போவான் என்பதுதான் விடுபட்டிருக்கிறது. ஆய்வு இடைவெளி என்று நெறியாளர்கள் சொல்வது இதைத்தான் போலும்.

சொல்லாராய்ச்சி இல்லாமல் ஆய்வு நிறைவடையாது. விருந்துக் கோட்டை அமெரிக்கர் ‘டக்சீடோ’ என்பர். இது ‘தைச்சிடு’ என்னும் தமிழ் ஏவலின் திரிபே என்பது வெள்ளிடை மலை. அளவு கொடுத்த சித்தப்பா கடைக்காரரிடம் கடைசியாகச் சொல்லும் சொல் அதுதான். நியூயார்க் அருகே டக்சீடோ பார்க் என்றோர் இடம் இருப்பதாகவும், 1886இல் அங்கே கிளப்பில் கூடிய கனவான்களால் இந்தப் பெயர் வந்ததாகவும், அதற்கு முன்பே 1865இல் லண்டன் தையற்காரர் ஹென்றி பூல் வேல்ஸ் இளவரசருக்கு வாலில்லாத கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்ததாகவும் கூறுவாரும் உளர். கட்டுமரம் ஆங்கில அகராதிக்குள் போனது உண்மைதானே? அதே வழியில் தைச்சிடுவும் போயிருக்கக் கூடாதா? ஒரு சொல் உண்மையாகவே கடல் கடந்துவிட்டால், அதன் பின்னால் ஒன்பது சொற்களை டிக்கெட் இல்லாமல் ஏற்றிவிடுவது நம் ஆய்வு மரபு.

இரண்டாம் இயல் கிடைக்கவில்லை. செல்லரித்துவிட்டது என்று எழுதுவார்கள். நான் எழுதவேயில்லை.

பெண்கள்: புடவை. ஆய்வு முற்றிற்று.

(“எந்தப் புடவை?” என்று சித்தி கேட்டார். ஆய்வுக்குழு பீரோவின் நடுத்தட்டு வரை சென்று, நாப்தலீன் உருண்டை வாடை தாங்காமல் திரும்பிவிட்டது.)

குழந்தைகள்: எதைப் போட்டாலும் கறை.

இனி கோட்டு. இக்களத்தில் பிறவியிலேயே கோட்டு அணிந்தோர் மூவர். முதலாமவர் ராஜபாளையம் நாய்: வெள்ளைக் கோட்டு, இளஞ்சிவப்பு மூக்கு, 2005இல் அஞ்சல் தலையிலேயே ஏறியவர். இரண்டாமவர் 1988இல் தனக்கெனச் சரணாலயம் வாங்கிய சாம்பல் நிற அணில். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் கோட்டோடு மரத்துக்கு மரம் தாவுகிறவர். மூன்றாமவர் கோடு போட்ட கோட்டுக்காரர். 2021இல் அந்த மலையை மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கியதும் முகவரி பெற்றவர். மனிதர்கள் கல்யாண வரவேற்பன்று மூன்று மணி நேரம் கோட்டு அணிவர். பெரும்பாலும் அது வைகாசியாக இருக்கும்.

சித்தப்பாவின் கோட்டும் அப்படி வந்ததுதான். அதை அணிந்திருந்தார் என்பதற்குச் சான்று உண்டு (கல்யாண ஆல்பம், ஒட்டிக்கொண்ட இரு பக்கங்களுக்கு நடுவே, பிரிக்க முயன்றதில் மணமகனின் இடது காது எதிர்ப்பக்கத்திலேயே தங்கிவிட்டது, பாடபேதம்: கோட்டோடு நிற்பவர் சித்தப்பா அல்லர், நாதஸ்வரக்காரரின் மைத்துனர் என்பது அத்தை பாடம், அத்தை அன்றைக்குக் கல்யாணத்துக்கே வரவில்லை என்பது சித்தி பாடம்). அந்தக் கோட்டை எடுத்து மாட்டிப் பார்த்தோம். வலது பக்கம் ஒரு கரை, இடது பக்கம் ஒரு கரை, நடுவே வெள்ளம். உட்காரும்போது கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்கும்போது மாட்டுவது மரியாதை என்று தம்பி போனில் பாடம் எடுத்தான். “மாட்டுறதுக்குப் பொத்தான் எட்டணும்லடா” என்றார் சித்தப்பா.

கப்பலேறிய தமிழர் முன்பு என்ன உடுத்தினர்? 1025இல் கடாரம் கொண்ட ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கொண்டுவந்த பொருள்களைச் சொல்கிறது. போகும் வழியில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன கட்டினார்கள் என்பதில் மௌனம் சாதிக்கிறது. இந்த மௌனத்தை வைத்தே ஒருவர் முனைவர் ஆகலாம். நான் அவருக்கே விட்டுவிடுகிறேன்.

கப்பல் உடை பற்றி நம்மவர் ஒருவர் தன் உடம்பையே களமாக்கிச் செய்த ஆய்வு காந்தியுடையது. 1888இல் லண்டனுக்குப் படிக்கப் போனபோது முள்கரண்டி பிடிக்கத் தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, விருந்துக் கூடத்துப் பக்கமே போகாமல், கட்டிக்கொண்டு போன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்றார். இறங்கும்போது போட வேண்டும் என்று பத்திரப்படுத்திய வெள்ளை ஃபிளானல் உடையில் கரை இறங்கிப் பார்த்தால், செப்டம்பர் முடியும் அந்தக் குளிரில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவரே. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931இல் அதே அரையாடையோடும் சால்வையோடும் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போய் மன்னரைப் பார்த்தார். ஆய்வு முடிவு வர நாற்பத்து மூன்று ஆண்டு பிடித்திருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் சிலருக்கு நீட்டிப்பு வாங்கி வாங்கி ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். ராஜபாளையத்துக்காரரான குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்து, பிறகு ஒடிசாவுக்கு ஆளுநராகப் போனவர்; தன் வீட்டையே காந்தி கலை மன்றமாக ஊருக்குக் கொடுத்தார். அந்த ஊரில் இருந்துகொண்டு கோட்டுக்கு அலைவதா என்று சித்தப்பாவுக்கு ரோஷம் வந்தது. சித்தி இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு: “அப்ப நாமளும் ரூமுக்குள்ளயே சாப்பிட்டுருவோம். புளியோதரை கட்டிக்கிறேன், ரெண்டு கிலோ பால்கோவா வாங்கிக்கிறேன்.”

உடையை முன்னதாகப் போட்டுப் பார்ப்பதில் தங்கள் ஊரை மிஞ்ச முடியாது என்பது சித்தியின் நிலைப்பாடு. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி அழகு பார்த்தவள் பிறந்த ஊர். அவள் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு கோயிலில் இன்றும் இருக்கிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது சூடுவது இங்கிருந்து போகும் மாலையைத்தான். என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறார் என்று மதுரையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்; எந்தக் கப்பலின் விருந்து இரவுக்கும் அந்தக் கூட்டம் வராது. திருப்பாவையில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த செய்தியைப் பிடித்து ஆண்டாள் காலம் கி.பி. 731 என்று மு. இராகவையங்கார் கணித்தார். அவருக்கு வானத்தில் இரண்டு கோள் போதுமாக இருந்தது. எனக்குச் சித்தப்பா கோட்டில் ஒரு பொத்தான்கூட எட்டவில்லை.

எஞ்சியது வேட்டி.

வேட்டிக்குக் கதவடைப்பது புதிதன்று. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனைக் கிரிக்கெட் சங்கத்தின் கிளப் வாசலிலேயே நிறுத்தியது. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது: வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஆனால் ஆட்சிக்கடல் கரையிலிருந்து 12 கடல் மைல்தான். பதின்மூன்றாவது மைலில் வேட்டியின் சட்டநிலை யாது? சிவகாசியில் வக்கீலாக இருக்கும் மாமாவைக் கேட்டோம் (மாமா, தொலைபேசி, பைபாஸ் ரோடு, பேருந்து ஹாரனால் வாக்கியத்தின் பிற்பகுதி சிதைவு, ‘…லாம் ஒண்ணும் பண்ண மாட்டான்’ என்பது மட்டும் கிடைக்கிறது, யார், யாரை என்பது தெளிவில்லை). கடலில் இந்த விஷயம் அவ்வளவு மோசமில்லை. குனார்ட் போன்ற பழைய கப்பல் நிறுவனங்களே தேசிய உடைக்கும் ஸ்காட்லாந்துக்காரரின் கில்ட்டுக்கும் இடம் தருகின்றன. முழங்காலைக் காட்டும் கில்ட்டுக்கு இடம் உண்டெனில், மடித்துக் கட்டிய வேட்டிக்கு?

இவ்வாய்வின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. மேல்நாட்டார் மரியாதைக்கு உடை மாற்றுவர். நம்மவர் மாற்றமாட்டார், மடிப்பை இறக்குவர். ஒரே வேட்டி, மடித்துக் கட்டினால் வயல், இறக்கிவிட்டால் சபை. நடுவில் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தும் வேலை இல்லை. இதை நிறுவ ஜவகர் மைதானம் அருகே ஒரு டீ, இரண்டு வடை கால அளவுக்குக் கள ஆய்வு நடத்தினேன். கண்டவை வருமாறு.

முழு இறக்கம்: கோபுரம் கண்ணில் பட்டால், சவ ஊர்வலம் கடந்தால், பழைய கணக்கு வாத்தியார் எதிரே வந்தால். வாத்தியார் நம்மை அடையாளம் கண்டாரா என்பது பொருட்டன்று. அவர் அடையாளம் காணாமல் போனாலும் இறங்கிய வேட்டி இறங்கியதுதான். பாவனை இறக்கம்: கை மடிப்பு வரை போகும், தொடும், அங்கேயே நிற்கும். தூரத்து உறவு, கட்சி மாறியவர், சீட்டுப்பணம் பாக்கி வைத்தவர் முதலியோர்க்கு உரியது. இவ்வகையில் இறக்குபவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எதிரே வருபவர் கையைப் பார்ப்பதில்லை. இருவரும் இப்படி ஒத்துழைத்தால்தான் நடக்கும். ஒருபக்க இறக்கம்: பைக்கில் போகும்போது மாமனார் எதிர்ப்பட்டால் நிகழ்வது. பிரேக் ஒரு கையில், மரியாதை மறு கையில். வேட்டியின் ஒரு முனை மட்டும் இறங்கிச் சக்கரத்தை நோக்கிப் போகும். இதில் மரியாதை மிகுதியா ஆபத்து மிகுதியா என்பது தனி ஆய்வுக்கு உரியது. நாலாவது ஒன்றும் உண்டு: இன்ஸ்பெக்டரைக் கண்டு இறக்குவது. அதை மரியாதையில் சேர்ப்பதா என்று பெஞ்சில் கருத்து வேறுபாடு இருந்தது.

இடக்கையால் முதலில் இறக்குவதா, இரு கையாலுமா? ராஜபாளைய மரபு இரு கை. ஸ்ரீவில்லிபுத்தூர் மரபு இடக்கை. வலக்கையில் பால்கோவாப் பொட்டலம் இருக்கும் என்பது காரணம். இதைப் பொருளாதார விளக்கம் என்று ஒதுக்கி, வலக்கை கும்பிடுவதற்கு ஒழிவாக இருக்க வேண்டும் என்னும் தத்துவ விளக்கத்தை முன்வைப்பாரும் உளர் (டீக்கடை, இடதுகால் ஆடும் பெஞ்சு, தினசரியின் நடுப்பக்கத்தைக் கையில் வைத்திருந்தவர், முதல் பக்கத்தை வைத்திருந்தவர் இதை மறுக்கிறார், நடுப்பக்கத்தைக் கொடுத்தால் மறுப்பைத் திரும்பப் பெறத் தயார் என்கிறார், விளையாட்டுப் பக்கம் காணவில்லை, ஆகவே மூன்றாம் தரப்பு என்ன சொல்லியிருக்கும் என்று அறிய வழியில்லை). உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முறையில் ஓரிடத்துச் சொல்லைப் பிடுங்கி வேறிடத்தில் மாட்டினால் இரு மரபும் ஒன்றே என்று காட்டிவிடலாம். எனக்கு அவ்வளவு கைத்தேர்ச்சி இல்லை.

யார் முன் யார் இறக்க வேண்டும் என்பதில் ஒரு காலத்தில் சாதி நின்றது. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கும் கக்கத்துக்கும் போன கதையை நம் தாத்தாக்கள் அறிவார்கள். அந்தப் பக்கத்தைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வராது, மேலே செல்கிறேன்.

கடற்காற்று என்னும் கேள்வியும் இருந்தது. பெல்ட் என்றான் தம்பி. ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி என்றார் மாமா. ஒட்டும் பட்டை பிரியும் சத்தம் சபையில் கேட்டால் என்ன ஆகும் என்று சித்தப்பா அதை மறுத்துவிட்டார். கடைசியில் பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, அங்கவஸ்திரம், உள்ளே ரகசியமாக ஒரு பெல்ட் என்று முடிவாயிற்று.

கப்பலில் நிகழ்ந்ததற்கு ஒரே சாட்சி சித்தி. விருந்துக்கூட வாசலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கரையைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாளாம். சாப்பாடு முடிந்து மேல்தளத்துக்குப் போயிருக்கிறார்கள். காற்று. சித்தப்பா பழக்கதோஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து எதிரே கேப்டன், தோளில் தங்கப் பட்டைகளோடு, கோட்டைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு வந்தார். சித்தப்பாவின் கை தானாகப் போயிற்று. மடிப்பு இறங்கிற்று. கேப்டன் ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு அவர் கையும் தானாகப் போய்க் கோட்டுப் பொத்தானை மாட்டிற்று. இருவரும் தலையசைத்துக்கொண்டு அவரவர் வழியே போனார்கள்.

எத்தனை அடி தூரத்தில் இறக்கினார், இடக்கையா இரு கையா என்று சித்தியிடம் மூன்று முறை கேட்டேன். “அதெல்லாம் யாரு பாத்தா? தரையில தண்ணி கெடந்துச்சு, கரை நனைஞ்சுருமோன்னு நான் அதையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்” (சித்தி, மேலது).