மஞ்சக்காணிப் பெங்களூர்

அண்ணன் தம்பி பாசம் அருகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் பெங்களூர்ச் சிக்பேட்டைக்கு வந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போக வேண்டும். இந்த ஊரையே குடும்பச் சொத்தாக வைத்திருந்து, முறை தவறாமல் பாகம் பிரித்துக்கொண்டவர்கள் போன்ஸ்லே சகோதரர்கள்.

கெம்பே கவுடர் 1537-ல் கோட்டையும் பேட்டையுமாகக் கட்டிய ஊர் இது. 1638-ல் பீஜப்பூர்ப் படை அவர் வழியினரை மாகடிப் பக்கம் அனுப்பிவைத்தது. சுல்தான் ஊரைத் தளபதி சாஹாஜி போன்ஸ்லேக்கு ஜாகீராகக் கொடுத்தார். அன்றிலிருந்து அது போன்ஸ்லேக்களின் பிதுரார்ஜிதம். இதைவிடச் சுத்தமான மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது?

1664-ல் வேட்டைக்குப் போன சாஹாஜி குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பெங்களூர் இளையவர் ஏகோஜியிடம் வந்தது. அவர் பரோபகாரி. தஞ்சையில் ஆட்சியைப் பறிகொடுத்த நாயக்கர் வீட்டுப் பிள்ளையை அரியணை ஏற்றிவிட்டு வா என்று பீஜப்பூர் அனுப்பியது. போனார், ஏற்றினார். பாவம், அவ்வளவு பெரிய சிம்மாசனத்தைச் சின்னப் பையன் எப்படித் தாங்குவான் என்று பிறகு தாமே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மூத்தவர் சிவாஜியின் பொறுமையும் லேசுப்பட்டதல்ல. பதின்மூன்று வருடம் காத்திருந்து, 1677-ல் ஒரு பெரும் படையை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு கொள்ளிடக் கரையில் திருமழபாடிக்கு வந்து, அப்பா சொத்தில் பாதி கேட்டார். அண்ணன் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்ல மனம் வராத தம்பி, ஓர் இரவு சொல்லாமல் ஆற்றைக் கடந்து தஞ்சைக்குப் போய்விட்டார். மரியாதை என்றால் அதுவல்லவா மரியாதை! அண்ணனும் ஓடியவரைத் துரத்தவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்த நிலத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொள்ள வேற்றாள் எதற்கு? இன்னொரு தாய்க்குப் பிறந்த சகோதரர் சாந்தாஜி இருந்தார். அவரோடும் ஏகோஜியின் படை வாலிகண்டபுரத்தில் மோதிப் பாசத்தைப் புதுப்பித்துக்கொண்டது.

கடைசியில் சமாதானம். ஏகோஜியின் மனைவி தீபாபாயின் ரவிக்கைக்கும் வளையலுக்கும் என்று சொல்லி பெங்களூர்ச் சீமையை எழுதி வைத்தார் மைத்துனர் சிவாஜி. நம் பக்கத்தில் மகளுக்கு மஞ்சக்காணி என்று அரைக்காணி எழுதுவதற்குள் வீடு இரண்டுபடும். இங்கே நெசவுக்காரரும் செட்டியாரும் பூக்காரியும் சேர்த்து ஒரு ஊரே மஞ்சக்காணி! அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பீர்கள். நிலம் எழுதும்போது அதில் மேயும் மாட்டைக் கேட்டா எழுதுகிறோம்?

பத்து வருடத்துக்குள், தூரத்து ஊரைக் கட்டிக் காப்பது நஷ்டக் கணக்கு என்று தஞ்சைக் குடும்பம் மைசூர் சிக்கதேவராஜரிடம் மூன்று லட்சத்துக்கு விலை பேசியது. பேரம் முடிவதற்குள், 1687-ல், முகலாயத் தளபதி காசிம்கான் ஊருக்குள் நுழைந்துவிட்டார். பிறகு மைசூர்க்காரர் பணத்தை முகலாயரிடம் எண்ணி வைத்து ஊரை வாங்கிக்கொண்டார்.

முப்பதுக்கு நாற்பது சைட்டுக்காக வருடக்கணக்கில் கோர்ட்டுப் படியேறும் பெங்களூர் உடன்பிறப்புகளே, பெரிய இடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் வக்கீலுக்குச் சல்லிக்காசு கொடுக்கவில்லை. செலவையெல்லாம் சைட்டில் குடியிருந்தவர்களே பார்த்துக்கொண்டார்கள்.