கையைக் கட்டிக்கிட்டு நில்லு மருமகளே

ஏத்தா மருமகளே, காலையில ஏழரை மணிக்கு நம்ம வீட்டுல நடக்குற கூத்துக்கு டிக்கெட்டே போடலாம். ஒரு கையால பயலுக்கு இட்லியத் திணிக்கிற, மறு கையால சட்டைப் பொத்தானைப் போடுற, காலால அவன் ஷூவைத் தேடுற. அவன் பாட்டுக்குச் சொவத்துல பல்லியப் பாத்துக்கிட்டு நிக்கிறான். ஆறு வயசுப் பயலுக்கு மெல்றதுக்கு வாயி, பாக்குறதுக்குக் கண்ணு, இது போதும்னு நீயே முடிவு கட்டிட்ட.

கோவிச்சுக்காத. பய குறைமாசத்துல பொறந்தவன், விரல்ல தெம்பு பத்தல, ஒன் குத்தம் ஒண்ணுமில்ல. அதுக்குத்தான மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஆக்குபேஷனல் தெரபிக்குக் கூட்டிட்டுப் போறோம். 2013ல சர்க்கார் கொண்டாந்த திட்டம். கைப்பிள்ளையில இருந்து 18 வயசு வரைக்கும் பாக்குறாக, காசு கிடையாது. காசு வாங்காததுனாலயோ என்னமோ ஒனக்கு அது வைத்தியமாவே தெரியல. ஊசி இல்ல, மாத்திரை இல்ல. “என்ன மாமா, அந்தத் தெரபி பாக்குற பிள்ள இவன்கூட வெளையாடிட்டு அனுப்பிருச்சு”ன்னு பஸ்ஸுல பொலம்பிக்கிட்டே வந்த.

வெளையாட்டா? மூலையில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். மொதல்ல அவன் பாதம் தரையில பதியுற மாதிரி குட்டை நாக்காலியப் போட்டுச்சு. இடுப்பும் தோளும் ஆடுனா விரல் எங்கிட்டு நிக்கும்? நீ என்னடான்னா வீட்டுல ஒசந்த நாக்காலியில காலைத் தொங்க விட்டு உக்கார வச்சு, “ஒழுங்கா எழுதுடா”ங்குற. அப்புறம் டப்பா மூடியில ஒரு கீறல் போட்டு, ரெண்டு ரூவாக் காசைக் குடுத்துச்சு. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து காசைப் பிடிக்கணும், திருப்பணும், கீறலுக்கு நேரா நிறுத்தணும், தள்ளிட்டு விரலை விடணும். பொத்தான் போடுறதுலயும் இதே வேலைதான் இருக்கு. அந்த வித்தைய வீட்டுல நான் உண்டியல வச்சுப் பழக்கப் போயி, என் பென்சன் சில்லறை அம்புட்டையும் பய உண்டியலுக்குள்ள போட்டுட்டான், அது வேற கணக்கு.

நான் அசந்துபோனது டவுசர் விசயத்துலதான். அந்தப் பிள்ள டவுசரை இடுப்புக்கு நாலு விரக்கடை கீழ வரைக்கும் தானே ஏத்தி விட்டுச்சு. “மிச்சத்த நீ இழுய்யா”ன்னு நிறுத்திருச்சு. இழுத்தான். மூஞ்சியப் பாத்தியா அப்ப? இனி அடுத்தடுத்து தொடையில நிறுத்துமாம், அப்புறம் முட்டியில, கடைசியில டவுசரை அவன் கையிலயே குடுத்துருமாம். நாமளும்தான் பழக்குறோம். மொதல்லருந்து ஆரம்பிச்சு, பாதியில பொறுமை போயி, “தள்ளு, நான் போடுறேன்”னு நாமளே முடிக்கிறோம். முடிச்ச பெருமை நமக்கு, அழுகை அவனுக்கு.

காசு கீழ விழுந்துச்சே, அப்ப நீ என்ன செஞ்ச? பாஞ்சு எடுத்த. அந்தப் பிள்ள இருந்த எடத்துல இருந்து உதட்டுக்குள்ள பத்து எண்ணிக்கிட்டு இருந்துச்சு. எனக்கென்னமோ அங்க பாடம் பயலுக்கு அரை மணி நேரம், ஒனக்கு வாரம் பூராவும்னு தோணுச்சு.

ஒன் சின்ன மாமனார் சொல்றாரு, “எங்க காலத்துல எந்தத் தெரபி? புளியங்கொட்டையில பல்லாங்குழி ஆடுனோம், கை தானா வந்துச்சு”ன்னு. வந்தவனுக்கு வந்துச்சு. வராத பிள்ளையத் திண்ணையில உக்கார வச்சு, “அது அப்படித்தான்”னு சோறு போட்டோம், அத மட்டும் அவரு சொல்ல மாட்டாரு. பம்பாயில கே.இ.எம். ஆஸ்பத்திரியில 1950லயே இதுக்குப் படிப்பு ஆரம்பிச்சுட்டாகளாம். கமலா நிம்ப்கர்னு ஒரு அம்மா, அமெரிக்காவுல பொறந்து இங்க வாக்கப்பட்டவுக, அவுக வச்ச பள்ளிக்கூடம். நம்மூருக்குச் சேதி வர இம்புட்டு நாளாச்சு.

சரி, ஒன் புருசன் சங்கதிக்கு வருவோம். முப்பத்தஞ்சு வயசு. குளிச்சுட்டு நின்னு, “துண்டு எங்க?”ன்னு கூவுறான். துண்டு கொடியில, அவன் தலைக்கு மேலதான் தொங்குது. எங்க மதினி, அதான் ஒன் மாமியா, வளத்த லட்சணம் அது. அவன் விரல்ல ஒரு கொறையும் கிடையாது, ஆனா எந்த ஆஸ்பத்திரியிலயும் அவனுக்குச் சீட்டு போட மாட்டாக. இவனையும் அப்படி ஆக்கிறாத.

காலையில பஸ்ஸப் பிடிக்கிற நேரத்துல பாடம் நடத்த வேணாம், ரெண்டு பேரும் கிறுக்காகிருவீக. அப்ப நீயே போட்டு விடு, பாவமில்ல. சாயங்காலம் குளிச்சுட்டு வரும்போது பொத்தானுக்கு உக்காரு. என் பழைய சட்டையில பொத்தான் பெருசு, மொதல்ல அதுல பழகட்டும். ஸ்பூன் காம்புல சைக்கிள் டியூப்பைச் சுத்தி மொத்தமாக்கி வச்சிருக்கேன், அடுப்படியில இருக்கு. சிந்தத்தான் செய்வான். நாய்க்கும் பசிக்குமில்ல?

ஞாயித்துக்கிழம ஒங்கம்மா வர்றாகளாம். பேரனைக் கண்டதும் தட்டத் தூக்கிக்கிட்டு ஊட்ட வந்துருவாக. வாசல்லயே வழிமறிச்சு, ரெண்டு கட்டு முருங்கைக்கீரையக் கையில குடுத்து உருவச் சொல்லிரு.