தகடூர் முறையில் சினிமா பார்த்தல்: காவேரிப்பட்டினத்து அபிப்பிராயங்கள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வின் களத்தை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். கோவலனும் மாதவியும் கடலாடிய காவிரிப்பூம்பட்டினம் வேறு. இது கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம். இங்கே ஓடுவது தென்பெண்ணை. கடல் இல்லை, அந்தக் குறைக்குக் கொஞ்ச தூரத்தில் கிருஷ்ணகிரி அணை இருக்கிறது. 1767இல் ஆங்கிலேயரும் ஹைதர் அலியும் மாறி மாறிப் பிடித்த கோட்டைக்கும், மாம்பழக் கூழ் ஆலைகளுக்கும், நிப்பட்டுக்கும், அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளைக்கும் பேர்போன ஊர். சினிமா அபிப்பிராயத்தின் தலைநகரம் இதுதான் என்பதை மட்டும் வரலாற்றாசிரியர்கள் எழுதாமல் விட்டுவிட்டார்கள். ஓசூர்க்காரர்கள் இதை மறுப்பார்கள். அவர்களுக்குக் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரம். எளிதில் கிடைத்த படத்தின் மேல் அபிப்பிராயம் அவ்வளவாக முற்றுவதில்லை.

இத்துறையில் முன்னோர் செய்த ஆய்வு ஒன்றுமில்லை. முன்னோடி நூல் ஒன்று உண்டு, அதுவும் தொலைந்துவிட்டது. அதியமானின் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்ட கதையைச் சொல்லும் 'தகடூர் யாத்திரை'தான் அது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. காவேரிப்பட்டினமும் 2004 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. நூல் முழுதாக யார் கையிலும் இல்லை. புறத்திரட்டில் சில பாடல்கள், தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் காட்டிய மேற்கோள்கள் என்று துண்டு துண்டாகக் கிடைப்பதை வைத்துக்கொண்டு, முற்றுகை எப்படி நடந்தது, எந்த வீரன் எப்படி விழுந்தான், எந்தத் தாய் என்ன சொன்னாள் என்று அறிஞர்கள் அடித்துப் பேசுவார்கள். நூலைப் பார்க்காமல், பார்த்தவர்கள் சொன்னதை வைத்து நூலைப் பற்றி உறுதியாகப் பேசும் இந்த நெறியை இக்கட்டுரை 'தகடூர் முறை' என்று குறிக்கும். இதே மண்ணில் இதே முறை இன்று சினிமாவில் தழைத்திருப்பதை நிறுவுவதே நோக்கம்.

இம்முறைக்கு அரசு செய்த உதவியை முதலில் பதிவு செய்ய வேண்டும். 2023 ஜனவரியில் 'துணிவு' படக் கொண்டாட்டத்தின்போது சென்னையில் ஓர் இளைஞர் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதன்பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி நின்றது. பெரிய படம் என்றாலும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கர்நாடகத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'ஜெயிலர்', 'கூலி' எல்லாம் அங்கே ஆறு, ஆறரைக்கே ஓட ஆரம்பித்துவிட்டன. காவேரிப்பட்டினத்திலிருந்து பெங்களூரு சுமார் 100 கிலோமீட்டர். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு காரில் ஐந்து பேர் ஏறினால் விடிவதற்குள் தியேட்டர் வாசலில் நிற்கலாம்.

இனி கணக்கு. 2025 ஆகஸ்ட் 14 அன்று வெளியான 'கூலி'யின் நீளம் 2 மணி 50 நிமிடம். ஆறு மணிக்குத் தொடங்கினால், இடைவேளையையும் சேர்த்து, முடிய ஒன்பது ஒன்பதேகால் ஆகும். அதாவது தமிழ்நாட்டில் சென்சார் சான்றிதழ் திரையில் விழும் நேரத்தில் பெங்களூருவில் படம் முடிந்து, பார்க்கிங்கில் தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம் ஏழரை மணி. இடைவேளை விடும் நேரம் அது. பாப்கார்ன் வரிசையில் நின்றபடி அனுப்பப்படும் "முதல் பாதி தீ" என்ற மூன்று சொல் குறுஞ்செய்தி, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இரண்டாவது ரவுண்டு பால் கொதிப்பதற்குள் வந்து சேரும். ஏழரையிலிருந்து ஒன்பது வரை ஊர் முழுவதும் பாதிப் படத்தின் மேல் நிற்கிறது. ஒன்றரை மணி நேரம் ஒரு காவியத்தின் பின்பாதி உலகில் இல்லாமலே அதைப் பற்றிய விவாதம் முழு வேகத்தில் நடக்கும் இடம், தகடூர் யாத்திரைக்குப் பிறகு இது ஒன்றுதான்.

டீக்கடையில் கேட்க முடிந்த உரையாடல் ஒன்று:

"அண்ணா, ரெண்டாவது பாதி எப்படியாம்?"

"இன்னும் வரலடா."

"வரலன்னா?"

"அவங்களே இன்னும் பாக்கலடா. இருந்தாலும் லேக்தான். முதல் பாதி இவ்ளோ நல்லா இருந்தா செகண்ட் ஹாஃப் கண்டிப்பா லேக் அடிக்கும்."

இந்த அண்ணன் பார்த்தவர் அல்லர், பார்த்தவரிடம் கேட்டவரும் அல்லர். கேட்டவரின் ஸ்டேட்டஸைப் படித்தவர். உரைமரபில் இவரை மூன்றாம் நிலை உரையாசிரியர் எனலாம். துணிவில் முதல் நிலைக்காரர் இவருக்கு உறை போடக் காணாது.

பார்த்துத் திரும்புகிறவர்களின் அபிப்பிராயம் சாலையில் மாறுகிறது. அத்திப்பள்ளியில் "வெறித்தனம்". கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது "நல்லாதான்டா இருந்துச்சு". வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தபின், "என்னமோ ஒண்ணு குறையுது மச்சான்". டிக்கெட்டுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்தவர், டீசலில் பங்கு போட்டவர், கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு எடுத்தவர் ஆகிய மூன்று தகுதிகளும் ஒருவரிடம் கூடினால், படம் நன்றாக இல்லை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஏறக்குறைய இரண்டு நாள் பிடிக்கும். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொன்னார்; உரைகாரர்கள் ஒன்பதாவதாக நடுவுநிலையைப் பேசினார்கள். அந்த நடுவுநிலை இவ்வூரில் மூன்றாம் நாள் காலையில்தான் தோன்றுகிறது. அதன் வாய்பாடு: "ஒரு வாட்டி பாக்கலாம்."

ரஜினி படமென்றால் இந்த விதியும் செல்லாது. அவருடைய முன்னோர் ஊரான நாச்சிகுப்பம் இதே மாவட்டத்தில் வேப்பனப்பள்ளி பக்கம் இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை என்று வெளியே சொல்ல முடியுமா? சொல்வார்கள், ஆனால் வீட்டுக்குள். சினிமாவைக் கடுமையாக வெறுத்த ராஜாஜி பிறந்ததும் இதே மாவட்டத்துத் தொரப்பள்ளியில்தான். அவருடைய கதையையே சிங்கீதம் சீனிவாசராவ் 'திக்கற்ற பார்வதி'யாக அந்த ஊரிலேயே வந்து எடுத்தார். சினிமாவைத் திட்டினால்கூட அது சினிமாவாகிவிடும் பூமி இது.

எல்லைப்புறப் பார்வையாளருக்கு மட்டும் வாய்த்த ஒரு கல்வி உண்டு. 2023 ஆகஸ்டில் 'ஜெயிலர்' திரையில் சிவராஜ்குமார் நடந்து வந்தபோது, தெற்கத்தி மாவட்டங்களில் பலர் பக்கத்து சீட்டில் "யாரு இவரு?" என்று கேட்டார்கள். இங்கே கேள்வி எழவில்லை, விசில் எழுந்தது. 'கூலி'யில் உபேந்திரா வந்தபோதும் அப்படியே. கன்னட டிவி வீட்டில் ஓடி, தெலுங்கு எதிர்வீட்டில் ஓடி, தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்குப் 'பான் இந்தியா' என்பது நூறு கோடிப் பட்ஜெட் அல்ல, தெருமுனை.

2022 ஏப்ரல் 13இல் 'பீஸ்ட்', மறுநாளே 'கேஜிஎஃப் 2'. இருபத்து நான்கு மணி நேரத்தில் விசுவாசம் இடம்மாறிய இளைஞர்களை ஊர் மன்னித்துவிட்டது. மன்னிக்காதவர்கள் சில கிழவர்கள். அவர்களுக்குக் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் என்பது சுரங்கத்தில் இறங்கிய அப்பனும் தாத்தனும். 2001இல் சுரங்கத்தை மூடும்வரை தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தூசி தின்றிருக்கின்றன. படத்தில் யஷ் துப்பாக்கி தூக்குவதைப் பார்த்து அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "ஷிப்ட் எத்தனை மணிக்கு?" 2024 ஆகஸ்டில் பா.ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோது அதே தங்கம் வேறு கண்ணோட்டத்தில் வந்தது. அதற்கும் அவர்களிடம் குறை இருந்தது என்றாலும், அது கதையைப் பற்றிய குறை. தங்கள் தாத்தனைப் பற்றியது அல்ல.

அபிப்பிராயம் எப்போதும் வடக்கிலிருந்து தெற்கே பாயும் என்ற நம் கருதுகோளை 'தக் லைஃப்' உடைத்தது. கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் 2025 மே மாதம் சென்னை விழாவில் பேசியதும், மன்னிப்புக் கேட்டால்தான் படம் என்று கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை நின்றது. கமல் கேட்கவில்லை. ஜூன் 5 அன்று உலகமெங்கும் வந்த படம் கர்நாடகத் தியேட்டருக்கு வரவில்லை; உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகும் வரவில்லை. பெங்களூரு ரசிகர்கள் ஓசூருக்கு வண்டி கட்டினார்கள். ஆறு மணிக் காட்சிக்காக எத்தனையோ முறை வடக்கே போன மாவட்டம், முதல் தடவையாகத் தன் வீட்டு வாசலில் விருந்தாளியைக் கண்டது. 'நாயகன்' வந்து 38 ஆண்டுக்குப் பின் மணிரத்னமும் கமலும் சேர்ந்த படம். வந்தவர்கள் முகம் வாடித் திரும்பினார்கள் என்பதை இங்கே யாரும் ரசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். படம் ஜூலை 3இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்து பெங்களூரு வரவேற்பறைகளிலும் ஓடியது. அதற்கு டோல் கிடையாது. ஆகவே அபிப்பிராயமும் கறாராக இருந்தது.

தொடர்களின் இயலுக்கு வருவோம். சீரியல் பார்ப்பவர் ரசிகர் அல்லர், அரசு வக்கீல். 'எதிர்நீச்ச'லில் ஆதிமுத்து குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். ஆள் மாறினாலும் குற்றம் மாறாது என்பது சட்டம். ஆனால் காவேரிப்பட்டினத்துத் திண்ணைகளில் பல நாள் இழுபறி: பழைய குணசேகரன் மேல் ஒன்றரை வருடமாகத் திரட்டிவைத்த கோபத்தை, அவர் இறந்த துக்கத்தோடு எங்கே கொண்டுபோய் வைப்பது? "அந்த மனுசன் இருந்தவரைக்கும் திட்டித் தீர்த்தோம்டி, இப்போ அந்தத் திட்டு இல்லாம சோறு எறங்கல" என்ற ஓர் அத்தையின் கூற்று, நடிப்பு பற்றி இத்துறையில் கிடைத்த மிகச் சிறந்த விமரிசனம்.

வெப் சீரிஸில் ஊருக்குத் தனி அதிகாரம் உண்டு. புஷ்கர்–காயத்ரி எழுதி 2022 ஜூன் 17இல் பிரைம் வீடியோவில் வந்த 'சுழல்' முதல் சீசன், சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நாட்களில் நடக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் அது போனது. உலகத்தார் கொலையாளி யார் என்று பார்த்தார்கள். காவேரிப்பட்டினத்தார் கொலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, காளி வேஷக்காரன் முகத்துச் சாயத்தைப் பார்த்தார்கள். மகாசிவராத்திரிக்கு மறுநாள், அலகு குத்தி, வேஷம் கட்டி, எலுமிச்சம்பழமும் கோழியும் வாயில் கவ்வி மயானத்துக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே வளர்ந்தவர்கள் அவர்கள். சாயம் அதிகம், வேர்வை குறைவு, மேளம் தூரத்தில் அடிக்கிறது, ஆட்டக்காரன் கால் மண்ணில் பதியவில்லை என்று எட்டு எபிசோடுக்கும் திருத்தம் சொன்னார்கள். ஒரு பெரியவர் கண்டுபிடித்தது இன்னும் நுணுக்கமானது: "இவ்ளோ கூட்டத்துல ஒருத்தன்கூட செருப்பைத் தேடல."

2025 பிப்ரவரி 28இல் இரண்டாவது சீசன் வந்தபோது அந்த வருட மகாசிவராத்திரி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் மஞ்சள் இன்னும் கழுவப்படவில்லை. கதை நடக்கும் ஊரின் பெயரோ காளிபட்டணம். எட்டு காளிகளின் திருவிழா. பெயரைக் கேட்டவுடன் உரிமை கொண்டாடியவர்கள், அது கடலோரம் என்று தெரிந்ததும் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

அபிப்பிராயத்துக்குத் தடை போடலாமா என்ற சட்டப் பிரச்சினையை வேகமாகத் தாண்டிவிடலாம். 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' மூன்றும் அடிவாங்கிய 2024இல், தியேட்டர் வாசலில் மைக் நீட்டுவதை நிறுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு கேட்டது. முதல் மூன்று நாள் விமரிசனத்துக்கு இடைக்காலத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. கேரளத்தில் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேரம் பொறுக்கலாம் என்று யோசனை சொன்னார். ஏழரை மணிக்கே பாதித் தீர்ப்பு வந்துவிடும் ஊரில் 48 மணி நேரம் என்பது ஒரு யுகம். அதற்குள் படமே மாறிவிடுகிறது: 'கங்குவா'வில் சத்தம் காதைப் பிளக்கிறது என்று முதல் நாளே சொன்னார்கள், ஒலியளவைக் குறைத்தார்கள், பிறகு 12 நிமிடம் வெட்டினார்கள். 'மெய்யழக'னில் 18 நிமிடம் போனது. தியேட்டரில் நீளம் என்று கொட்டாவி விட்டவர்களே, அக்டோபர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் பார்த்து, இப்படிப்பட்ட படத்தை ஜனங்கள் கைவிட்டார்களே என்று ஊரைக் கடிந்துகொண்டார்கள்.

தகடூர் முறையின் முழு முதிர்ச்சி கண்ட ஒரு பிரிவினரைச் சொல்லாமல் ஆய்வு முற்றாது. 'கூலி'க்குத் தணிக்கையில் 'ஏ' சான்றிதழ். பதினெட்டு நிறையாதவர்களுக்குத் தியேட்டரில் இடமில்லை. சான்றிதழை மாற்றக் கோரி தயாரிப்பு நிறுவனம் போட்ட மனுவும் தள்ளுபடியானது. ஆகவே எட்டாம் வகுப்பு முழுதும் படம் பார்க்கவில்லை. நாகார்ஜுனா எப்போது வருகிறார், சௌபின் எங்கே ஆடுகிறார், ஆமிர் கான் எத்தனை நிமிடம் இருக்கிறார் என்பது அத்தனையும் அவர்களுக்குத் தெரியும். பெங்களூரு போய்ப் பார்த்துவிட்டு வந்த சித்தப்பா கதை சொல்லும்போது, காட்சி வரிசை தப்பினால் நிறுத்தித் திருத்தினார்கள். செப்டம்பர் 11இல் படம் பிரைமுக்கு வந்தது. வீட்டு டிவி வயசு கேட்பதில்லை. வீட்டு வேலை பார்த்துக்கொண்டே அம்மா பாதி பார்க்க, பையன் முழுப் படத்தையும் அசையாமல் பார்த்து முடித்தான். எப்படிடா இருந்தது என்று சித்தப்பா கேட்டார்.

"தியேட்டர்ல பாத்தப்போ இருந்த ஃபீல் இல்ல, சித்தப்பா."